பத்து அங்குலச் சக்கரம்

மோட்டார் வாகனத்தின் சரித்திரத்தை எழுதியவர்களில் பெரும்பாலோர் இஞ்சினின் வலிமையையும் உச்ச வேகத்தையும் பந்தய வெற்றிகளையும் விரிவாகப் பேசியிருக்கிறார்களேயன்றி, அந்த வலிமை முழுவதையும் தரையிலே கொண்டு சேர்க்கும் சக்கரம் காலந்தோறும் ஏன் அளவு மாறிற்று, ஒரு காலத்தில் ஏன் வியக்கத்தக்க அளவுக்குச் சிறுத்தது, பின்னர் ஏன் மறுபடியும் பெருத்தது என்னும் விஷயங்களை ஊன்றி ஆராய்ந்தவர்கள் சிலரே. சாமானியக் குடும்பங்களுக்கென்று செய்யப்பட்ட சிக்கனக் கார்களைப் பொறுத்தவரை, காரின் குணங்களில் பாதிக்கு மேல் அதன் சக்கரத்தின் அளவிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. இதற்கு 1959 இல் இங்கிலாந்தில் தோன்றிய மினி என்னும் சிறு காரைக் காட்டிலும் சிறந்த உதாரணம் வேறில்லை. 10 அங்குலச் சக்கரத்தோடு பிறந்து, 12 அங்குலத்துக்கு வளர்ந்து, அதன் அபிமானிகளுடைய கைகளால் மீண்டும் 10 அங்குலத்துக்கே திரும்பிய கார் அது.

மோட்டார் கார் பிறந்தபொழுது அதற்கென்று தனியே சாலைகள் பிறக்கவில்லை. குதிரை வண்டிகளும் பார வண்டிகளும் உழுது தடம் பதித்த மண்பாதைகளிலேயே அதுவும் ஓட வேண்டியிருந்தது. ஆதலின் வண்டிக்குரிய உயர்ந்த சக்கரங்களும் மரத்தாலான ஆரக்கால்களும் அதற்கும் வந்து வாய்த்தன. 1908 இல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட மாடல் டி, டயரோடு சேர்த்து 30 அங்குல உயரமுள்ள சக்கரங்களின்மேல் நின்றது. பெரிய சக்கரம் குழியின் இரு கரைகளையும் தொட்டுக்கொண்டே அதைக் கடந்துவிடும். சிறிய சக்கரமோ குழிக்குள் இறங்கி எதிர்க்கரையில் மோதும். அக்காலத்துப் பாதைகளில் பெரிய சக்கரமே புத்திசாலித்தனம் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டுவதில்லை.

1888 இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, 1845 இல், ராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அதே யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதை அறிந்தவர் குறைவு. ஆரம்ப காலத்து டயர்கள் மெலிந்தவை. மிகுந்த அழுத்தத்தோடு காற்றை ஏற்பவை. அதனால் பாதையின் அதிர்ச்சியைத் தாமே விழுங்கும் சக்தி அவற்றுக்கு அதிகமில்லை. 1923 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிலும் பிரான்சிலும் பலூன் டயர்கள் என்னும் பருத்த, குறைந்த அழுத்தமுடைய டயர்கள் வந்தபொழுதுதான், சக்கரத்தின் உயரம் செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பகுதியை ரப்பரும் காற்றும் ஏற்றுக்கொண்டன. அதன்பின் ரிம் சிறுக வழி பிறந்தது. நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் முறைகளும் தார்ச் சாலைகளும் பரவப் பரவ, ஒவ்வொரு பத்தாண்டிலும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று சக்கரங்கள் குறுகி வந்தன. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் பீட்டில் 16 அங்குலச் சக்கரத்தோடு தொடங்கி, 1952 இல் 15 அங்குலத்துக்கு இறங்கிற்று. 1948 இல் வெளிவந்த மாரிஸ் மைனர், அதன் வகுப்பில் 16, 17 அங்குலங்கள் வழக்கமாயிருந்த காலத்தில், துணிந்து 14 அங்குலத்தை ஏற்றது.

அந்த மாரிஸ் மைனரை வகுத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1906 இல் ஸ்மிர்னா நகரில் பிறந்து, 1922 இல் அந்நகரத்தைச் சூழ்ந்த யுத்த நெருக்கடியில் குடும்பத்தோடு வெளியேறி, பின்னர் இங்கிலாந்தை வந்தடைந்த இவர், கணிதப் பரீட்சையில் மூன்று முறை தோல்வியுற்றவர். ஆனால் கைக்குக் கிடைத்த காகிதத்தில் காரின் உறுப்புகளை நேரில் பார்ப்பதுபோல் வரைந்துவிடும் வல்லமை பெற்றிருந்தார். வாலிபப் பருவத்தில் தம் நண்பர் ஜார்ஜ் டௌஸனோடு சேர்ந்து, பல ஆண்டுகள் ஓய்வு நேரத்தில் தம் கைகளாலேயே உழைத்து ஒரு சிறு பந்தயக் காரைச் செய்து முடித்தார். இலகு என்று பொருள்படும் லைட்வெயிட் ஸ்பெஷல் என்றே அதற்குப் பெயரிட்டார்கள். வேண்டாத ஒவ்வோர் அவுன்சும் பாவம் என்னும் சிந்தை இவரிடத்தில் அப்பொழுதே வேரூன்றிவிட்டது. பின்னாளில் இவர் செய்த அனைத்தையும் இதனோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

1956 ஜூலையில் எகிப்தின் அதிபர் நாஸர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அதைத் தொடர்ந்த யுத்தத்தினால் கால்வாய் அடைபட்டு, எண்ணெய்க் கப்பல்களின் போக்குவரத்து தடைப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பங்கீட்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வாழ வேண்டிய மக்கள், முட்டை வடிவத்தில் மூன்று சக்கரமும் நான்கு சக்கரமுமாக ஜெர்மனியிலிருந்து வந்த குமிழிக் கார்களை வாங்கலானார்கள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவராயிருந்த லெனார்டு லார்டு அவற்றை அறவே வெறுத்தார். நான்கு பேர் கௌரவமாக அமர்ந்து செல்லத்தக்க உண்மையான சிறு கார் ஒன்றைச் செய்து, குமிழிகளைத் தெருவைவிட்டு விரட்ட வேண்டுமென்று 1957 மார்ச்சில் இஸிகோனிஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: தொழிற்சாலையில் ஏற்கெனவே உற்பத்தியாகும் இஞ்சினையே உபயோகித்தல் வேண்டும்.

இஸிகோனிஸ் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நிபந்தனை இன்னும் கடுமையானது. 10 அடி நீளமும் 4 அடி அகலமும் 4 அடி உயரமுமுள்ள ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் தரைப்பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்கு மனிதருக்கும் அவர்தம் மூட்டை முடிச்சுக்கும் உரியது. மீதியில் இஞ்சின் முதலிய யந்திரங்கள் அடங்கிவிட வேண்டும். இஞ்சினைக் குறுக்காக வைத்தார். கியர்பாக்ஸை அதன் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கினார். முன்சக்கரங்களைக் கொண்டே காரை இழுக்கச் செய்தார். இவ்வளவு செய்த பிறகும் சக்கரம் ஒன்று எஞ்சி நின்றது. காருக்குள் சக்கரம் அடைக்கும் இடத்தை அதன் விட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும்பொழுது ஒரு வட்டப் பரப்பு முழுவதையும் துடைத்துச் செல்கிறது. பின்சக்கரம் ஏறி இறங்கும்பொழுது பின் இருக்கையின் ஓரத்தைத் தின்றுவிடுகிறது. அக்காலத்துச் சிறு கார்களில் பின் இருக்கைக்காரரின் இடுப்பை நெருக்கிய தகர மேடுகளெல்லாம் சக்கரத்துக்காக விட்ட இடமே. விட்டத்தில் ஓர் அங்குலம் குறைந்தால், மூலைக்கொன்றாக நான்கு இடங்களில் மனிதனுக்கு இடம் கிடைக்கும்.

ஆகவே 10 அங்குலச் சக்கரம் வேண்டுமென்றார் இஸிகோனிஸ். அதற்கும் சிறிதாக 8 அங்குலம் வரையில்கூட யோசிக்கப்பட்டது. டயர் செய்யும் டன்லப் நிறுவனத்தார் அதற்கு இசையவில்லை. 10 அங்குலமும் சாமானியமான வேண்டுகோள் அன்று. நம் நாட்டுத் தெருக்களில் பல்லாண்டு ஓடிய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரின் சக்கரம் 10 அங்குலம் என்று நினைவுகூர்ந்தால் விஷயம் விளங்கும். ஐசெட்டா, கோகோமொபில் போன்ற குட்டி வாகனங்கள் அந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தன என்பது மெய்தான். ஆனால் நான்கு பேரையும் அவர்களுடைய சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 70 மைல் வேகத்தில் நெடுஞ்சாலையில் செல்லும் காருக்கு அது போதுமா என்பதே கேள்வி. சிறிய சக்கரம் அதே தூரத்தைக் கடக்க அதிகத் தடவை சுழல வேண்டும். 15 அங்குலச் சக்கரமுள்ள நம் அம்பாசடர் 1 கிலோமீட்டரில் 500க்கும் குறைவாகச் சுழலும் இடத்தில் மினியின் சக்கரம் 600க்கும் மேற்பட்ட தடவை சுழன்றாக வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் பக்கச்சுவர் நசுங்கி நிமிர்கிறது. நசுங்கி நிமிரும் ரப்பர் சூடேறுகிறது. சூடு ஏற ஏறத் தேய்கிறது. டன்லப் பொறியாளர்கள் இதற்கென்றே 5.20-10 என்னும் அளவில் புதிய டயரை உருவாக்கிக் கொடுத்தார்கள். அந்த உழைப்பு இல்லையேல் மினி வரைபடத்தோடு நின்றிருக்கும்.

இஸிகோனிஸின் நண்பராகிய அலெக்ஸ் மோல்டன், எஃகுச் சுருள்களுக்குப் பதிலாக உள்ளங்கையில் அடங்கத்தக்க ரப்பர்க் கூம்புகளைச் சஸ்பென்ஷனுக்கு அமைத்துக் கொடுத்தார். இவரைப் பற்றி இங்கே சற்று விலகிச் சொல்லத் தோன்றுகிறது. சிறிய சக்கரத்தில் இவருக்கிருந்த சிரத்தை காரோடு தீர்ந்துவிடவில்லை. 1962 இல் 16 அங்குலச் சக்கரங்களும் ரப்பர் சஸ்பென்ஷனும் கொண்ட சைக்கிள் ஒன்றை வெளியிட்டு, சிறு சக்கரம் என்றால் மிதிக்கக் கடினம் என்று நூற்றாண்டுக் காலம் நிலவிய நம்பிக்கையைத் தகர்த்தார். டயரில் காற்றழுத்தம் மிகுதியாகவும், சக்கரத்துக்கு மேலே நல்ல ஸ்பிரிங்கும் இருந்தால், சிறு சக்கரம் பெரியதற்குப் பெரிதும் பின்தங்காது என்பதே அவர் பிரத்தியட்சமாகக் காட்டிய உண்மை.

1959 ஆகஸ்ட் 26 ஆம் தேதி மினி வெளிவந்தது. 848 சிசி இஞ்சின். சாதாரண மாதிரியின் விலை, வரி உட்பட, 496 பவுன் 19 ஷில்லிங் 2 பென்ஸ். சக்கரங்கள் நான்கும் உடலின் நான்கு மூலைகளுக்கே தள்ளப்பட்டிருந்தமையால், வளைவுகளில் தரையைப் பற்றிக்கொண்டு திரும்பும் அதன் சாமர்த்தியத்தைக் கண்டு, குடும்பக் கார் என்று எண்ணி வாங்கியவர்களே ஆச்சரியப்பட்டார்கள். பந்தயக் கார் செய்வதில் புகழ்பெற்ற ஜான் கூப்பர் அந்தச் சாமர்த்தியத்தை முன்னரே கண்டுகொண்டவர். அவர் தூண்டுதலால் 1961 இல் பிறந்த மினி கூப்பரில்தான் சிறிய சக்கரத்தின் உண்மையான சங்கடம் வெளிப்பட்டது. பிரேக் என்பது சக்கரத்தின் வயிற்றுக்குள் இருக்க வேண்டிய உறுப்பு. 10 அங்குல ரிம்முக்குள் முதலில் 7 அங்குல டிஸ்க்குக்கு மட்டுமே இடம் கண்டார்கள். வேகமோ கூடிவிட்டது. 1963 இல் வந்த கூப்பர் எஸ் அந்த 7 அங்குலத்தை ஏழரை ஆக்கியது. எஃகு ரிம்மில் வட்டத் துளைகளிட்டு பிரேக்கின் சூட்டுக்குக் காற்று வழி விட்டது. அந்த அரை அங்குலத்துக்காக எத்தனை வரைபடங்கள் கிழிக்கப்பட்டிருக்கும்! 1964 ஜனவரியில் பேடி ஹாப்கர்க் அத்தகைய கூப்பர் எஸ் ஒன்றை ஓட்டி மான்டே கார்லோ ராலியை வென்றார். 1965 இல் டிமோ மாகினனும் 1967 இல் ராவுனோ ஆல்டனனும் வென்றார்கள். தம்மைவிட இரண்டு மூன்று மடங்கு வலிமையுள்ள கார்களைப் பனி மூடிய ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் தோற்கடித்தவை ஸ்கூட்டர் அளவுச் சக்கரங்கள்.

இந்தப் பந்தயங்களே சிறிய சக்கரத்தை இலகுவான சக்கரமாகவும் ஆக்கின. இலகு உலோகத்தில் சக்கரம் வார்ப்பது புதிய யோசனை அன்று; 1924 இல் லியோன் நகரத்துக் கிராண்ட் பிரீ பந்தயத்தில் எட்டோரே புகாட்டி தம் டைப் 35 காரை எட்டு ஆரங்களுடைய வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு நிறுத்தினார். 1960களின் தொடக்கத்தில் மினிக்காகவே மினிலைட் என்னும் பெயரில் எட்டு ஆரமுள்ள மக்னீசியச் சக்கரம் இங்கிலாந்தில் பிறந்தது. கன சென்டிமீட்டருக்கு எஃகின் எடை 7.8 கிராம், அலுமினியம் 2.7, மக்னீசியம் 1.74. ஆனால் மக்னீசியம் உப்பு நீர் பட்டால் அரிக்கும். வார்ப்பில் நுண்துளைகள் இருந்தால் விரிசல் காணும். பந்தயத்துக்குப் பந்தயம் சோதித்துப் பார்ப்பவர்களுக்கே அது உகந்தது. சாதாரண உபயோகத்துக்கு அதே வடிவத்தில் அலுமினியக் கலவைச் சக்கரங்கள் பின்னர் வந்து நிலைத்தன.

சக்கரத்தின் எடை குறைவதால் விளையும் நன்மையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. விட்டம் குறைந்தால் சுழற்றுவது சுலபம், ஆதலின் சிறிய சக்கரம் எப்பொழுதும் விரைந்து கிளம்பும் என்பார்கள். விட்டம் குறைந்தால் அச்சக்கரம் அதே வேகத்துக்கு இன்னும் அதிகமாகச் சுழல வேண்டியிருப்பதால், முன்னதில் கிடைத்த லாபம் பின்னதில் சரியாகக் கழிந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது எடை ஒன்றே. டயரின் வெளிவிளிம்பில் அமர்ந்த 1 கிலோ, காரை வேகப்படுத்தும் காரியத்தில், காருக்குள் வைத்த ஏறக்குறைய 2 கிலோவுக்குச் சமமாகிறது. ரிம்மில் அமர்ந்ததற்கு அதைவிடச் சற்றுக் குறைவு. சிறிய சக்கரம் பெரும்பாலும் எடை குறைந்ததாக இருப்பதே அதன் வலிமை. அன்றியும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறையக் குறைய, மேடு பள்ளத்தைத் தொடர்ந்து ஏறி இறங்கும் சுறுசுறுப்பு சக்கரத்துக்குக் கூடுகிறது. டயர் தரையைவிட்டு எழும்பாமல் பற்றி நிற்கிறது. பெரிய எஃகுச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சிறிய, ஆனால் அதைவிடக் கனமான வார்ப்புச் சக்கரத்தைப் பூட்டுவோர் உண்டு. அவர்களுக்கு இந்த நன்மைகளில் ஒன்றும் கிட்டாது.

மினி காட்டிய வழியைப் பிற தேசத்தாரும் வெவ்வேறு விதமாக நடந்து பார்த்தார்கள். ஜப்பானில் 1958 இலேயே சுபாரு 360 என்னும் குறுங்கார் 10 அங்குலச் சக்கரங்களோடு வந்திருந்தது. வரிச்சலுகை பெற்ற குறுங்கார்களின் அந்த மரபில் வளர்ந்த சுஸுகி ஆல்டோவே, 1983 டிசம்பரில் 12 அங்குலச் சக்கரங்களோடு மாருதி 800 ஆக நம்மிடம் வந்து சேர்ந்தது. நம் சாலைகளின் வரலாற்றையும் இந்த எண்களிலே படிக்கலாம்: அம்பாசடருக்கு 15 அங்குலம், பிரீமியர் பத்மினிக்கு 14, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 13, மாருதிக்கு 12. மழைக்காலத்துக் கிராமச் சாலைகளில் அம்பாசடரைத் தவிர வேறு காரை நம்பாத பெரியவர்களின் தயக்கம் அறியாமையினால் விளைந்ததன்று. குழியின் ஆழம் அறிந்தவர்கள் அவர்கள். மாருதிக்கு 13 அங்குல அலாய் வீல் மாட்டி, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உட்புறம் உரசுகிறதே என்று மெக்கானிக்கிடம் வந்து நிற்பவர்களைப் பின்னாளில் காண முடிந்தது. 2009 இல் வந்த டாடா நானோ 12 அங்குலத்தையே தேர்ந்து, சக்கரத்துக்கு மூன்றே நட்டுகளைக் கொண்டு எடையையும் செலவையும் குறைத்தது.

இனி மினியின் பிற்காலத்துக்கு வருவோம். பிரேக்கின் தேவையே கடைசியில் அதன் சக்கரத்தைப் பெருக்கிற்று. 1974 இல் 1275 ஜிடி என்னும் மாதிரிக்கு 12 அங்குலச் சக்கரமும் அதற்குள் அடங்கும் 8.4 அங்குல டிஸ்க்கும் வந்தன. காற்றிறங்கினாலும் ஓடக்கூடிய டன்லப் டெனோவோ டயரும் அதற்கு விருப்பத்தின்பேரில் கிடைத்தது. 1984 இல் எல்லா மினிகளும் 12 அங்குலத்துக்கு மாறின. நிறுத்தும் சக்தி கூடியது. டயர் நீடித்து உழைத்தது. ஆனால் 10 அங்குலத்தில் ஓட்டிப் பழகியவர்கள், வளைவுக்குள் தானே பாய்ந்து இறங்கும் அந்தத் துடிப்பு மங்கிவிட்டதென்று முறையிட்டார்கள். அவர்கள் பேச்சில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அதன் விளைவாக ஒரு வழக்கம் தோன்றிற்று. 1984 க்குப் பிற்பட்ட மினியை வாங்கி, அதை மறுபடி 10 அங்குலத்துக்கு இறக்குவது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு நான்கு நட்டுகளைக் கழற்றி மாட்டும் அரைமணி நேர வேலையாகத் தோன்றும். முன்சக்கரத்தைக் கழற்றி, அதனிடத்தில் 10 அங்குல ரிம்மைப் பிடித்துப் பார்த்தால், அது ஹப்புக்குச் சென்று சேராது, 8.4 அங்குல டிஸ்க்கும் அதைக் கவ்வி நிற்கும் காலிப்பரும் குறுக்கே நிற்கும். ஆகவே டிஸ்க், காலிப்பர், ஹப்போடு டிஸ்க்கை இணைக்கும் விளிம்புத் துண்டு ஆகிய யாவும் பழைய கூப்பர் எஸ்ஸின் ஏழரை அங்குல அளவுக்கு மாற வேண்டும். மாற்றிய பிறகும் காலிப்பரின் முதுகுக்கும் ரிம்மின் உட்சுவருக்கும் நடுவே மிகச் சொற்ப இடைவெளியே இருக்கும். சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுழற்றி, உரசும் சத்தம் இல்லையென்று காதால் நிச்சயித்துக்கொண்ட பின்பே காரை இறக்குவார்கள். அலுமினியச் சக்கரத்தின் நடுப்பகுதி எஃகைவிடத் தடித்ததாகையால், ஹப்பிலுள்ள மரையாணிகளும் நீளமானவையாக மாற வேண்டும். நட்டும் அதற்குரிய குழல் வடிவத்தில் இருத்தல் அவசியம். பழைய நட்டையே போட்டு முறுக்குபவர் தம் உயிரோடு விளையாடுகிறார்.

வேலை முடிந்து ஓட்டும்பொழுது வித்தியாசங்கள் தெரிகின்றன. டயரின் சுற்றளவு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு குறைந்துவிடுவதால், எல்லாக் கியர்களும் சற்றுக் கீழிறங்கினாற்போல் கார் விரைந்து கிளம்புகிறது; நெடுஞ்சாலையிலோ அதே வேகத்துக்கு இஞ்சின் அதிகமாகச் சுற்றி இரைகிறது. ஸ்பீடாமீட்டர் உண்மையைவிட அதிகம் காட்டுகிறது. கிலோமீட்டர் கணக்கும் அவ்வாறே ஏறுவதால், பெட்ரோல் சிக்கனத்தைக் கணக்கிடுபவர் அந்தப் பங்கைக் கழித்துக்கொள்ளாமற்போனால் இல்லாத லாபத்தைக் கண்டு மகிழ நேரிடும். நெடுந்தூரப் பிரயாணமே தொழிலானவருக்கு நான் இந்த மாற்றத்தைச் சொல்லமாட்டேன். ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் ஓட்டுபவருக்கு, எடையை முதலில் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு மாற்றுவாராயின், அந்தக் காரை வகுத்தவருடைய எண்ணம் எதுவாயிருந்தது என்பது ஸ்டியரிங்கின் வழியாகவே விளங்கும்.

மினியின் உற்பத்தி 2000 அக்டோபரில் முடிவுற்றது. அதற்குள் 53 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்திருந்தன. அதன் கடைசிப் பத்தாண்டில் அதை மிகுந்த வாஞ்சையோடு வாங்கிய நாடுகளில் ஜப்பான் முக்கியமானது. புதிய கார் எதற்கும் 10 அங்குலம் பொருந்தாத காலம் வந்த பின்னரும், அந்நாட்டின் யோகோஹாமா நிறுவனம் பழைய மினிகளுக்கென்றே 165/70 அளவில் 10 அங்குல டயர்களை வார்த்துக் கொடுத்து வந்தது.